பெங்களூர்–கோவை: ஐம்பது நிமிஷம் என்று நான் சொன்ன நாள்

விமானக் கவுன்ட்டரில் நிற்கும் பிள்ளைகளே, உங்கள் கம்ப்யூட்டரில் இப்போது எல்லாம் இருக்கிறது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிஷம், விமானம் இந்த நொடியில் எந்த மலைக்கு மேலே பறக்கிறது என்பதுகூடத் தெரிகிறது. சந்தோஷம். ஆனால் போன மாதம் என் மகளை வழியனுப்ப விமான நிலையத்துக்கு வந்திருந்தபோது ஒன்றைப் பார்த்தேன். ஒரு பெரியவர் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். உங்களில் ஒரு பெண் "ஒன் அவர் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவர் அதை விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனார். அந்தப் பெண்ணைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அதே காரியத்தை அவளைவிட அழகாக, சிரித்த முகத்தோடு செய்து, ஒரு குடும்பத்தைத் தவிக்க விட்டவள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சின்ன விமானக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். காற்றாடி வைத்த சின்ன விமானங்கள்தான் எங்களிடம் இருந்தன. அந்தக் கம்பெனி இப்போது இல்லை, தேட வேண்டாம். பெரியநாயக்கன்பாளையத்தில் வீடு. இரண்டு பஸ் மாறிப் பீளமேடு விமான நிலையத்துக்கு வருவேன். டிக்கெட் எழுதுவது, பெட்டிக்குச் சீட்டுக் கட்டுவது, மைக்கில் அறிவிப்பது, விமானம் தாமதமானால் திட்டு வாங்குவது, எல்லாம் நாங்கள் நாலு பேர்தான். திட்டு வாங்குவதில் எனக்கு நல்ல பெயர். எதிர்த்துப் பேச மாட்டேன், "ஆமாங்க, செரீங்க" என்றே ஆளை ஆற்றிவிடுவேன்.

அந்தக் குணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வழி கேட்டுப் பாருங்கள். மூன்று மைல் இருந்தாலும் "பக்கந்தானுங்க, இப்படியே போனா வந்துருமுங்க" என்பார்கள். பொய் சொல்லும் எண்ணமே கிடையாது. நடந்து களைத்து வந்திருக்கிற மனுசனிடம் "இன்னும் மூணு மைல்" என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்ல மனசு வராது, அவ்வளவுதான். எங்கள் ஸ்டேஷன் மேனேஜர் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். இதைப் பற்றி அவருக்குத் தீராத எரிச்சல். உங்கள் ஊர் மரியாதையை ஏரோப்ளேன் மதிக்காது என்று என்னிடம் அடிக்கடி சொல்வார். நான் சிரித்துவிட்டுப் போவேன்.

ஆனி மாதம், கல்யாண முகூர்த்தங்கள் நிறைந்த வாரம். காலை ஒன்பதரை இருக்கும். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கவுன்ட்டருக்கு வந்தார். கையில் மஞ்சள் கயிறு, நெற்றியில் சந்தனம். பார்த்தவுடனே கல்யாண மாப்பிள்ளை என்று தெரிந்துவிட்டது. காப்புக் கட்டிய மாப்பிள்ளை மண்டபத்தை விட்டு வரக் கூடாது. காங்கேயத்திலிருந்து யாருக்கும் சொல்லாமல் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஏனுங்க இப்படி என்று கேட்டேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

அவருக்கு ஒரே தங்கை, பூங்கொடி. ஆறு வருஷத்துக்கு முன்னால் தன் விருப்பத்துக்கு ஒருவரைக் கட்டிக்கொண்டு பெங்களூர் போனவள். அப்பா இல்லை. வீட்டில் எல்லாம் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அன்றிலிருந்து அவள் பேரை யாரும் எடுத்தது கிடையாது. அண்ணன் மட்டும் வருஷத்துக்கு இரண்டு முறை டெலிபோன் பூத்திலிருந்து பேசுவார். இப்போது அவருக்கே கல்யாணம்.

உங்களில் வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் அவனோடு பிறந்தவளும் சேர்ந்து உட்காருவார்கள். கூறைப்புடவையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். அருமைக்காரர் என்று நாங்கள் சொல்லும் பெரியவர் அதை நடத்திவைப்பார். அந்தச் சீர் ஆகாமல் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. கூடப் பிறந்தவள் இல்லாவிட்டால் பெரியப்பா மகள், சித்தப்பா மகள் யாராவது உட்காரலாம். உட்காரலாம்தான். ஆனால் கூடப் பிறந்தவள் உயிரோடு இருக்கும்போது அந்த இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தால் ஊருக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். நானும் என் அண்ணன் கல்யாணத்தில் உட்கார்ந்தவள்தான்.

இந்த அண்ணன் ஒரு மாதமாகப் பெரியப்பாவிடம் சண்டை போட்டிருக்கிறார். முந்தின நாள் ராத்திரிதான் பெரியப்பா இறங்கி வந்து ஒரு கெடு வைத்திருக்கிறார். சாயங்காலம் ஆறரைக்குச் சீர். அந்த நேரத்துக்கு அவள் மண்டபத்தில் இருந்தால் அவளே உட்காரட்டும், இல்லாவிட்டால் தன் மகள் உட்காருவாள். காலையில் போன் போட்டதும் பூங்கொடி அழுதிருக்கிறாள், வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர், உன்னைத்தானே கூப்பிட்டார்கள், நீ போய்விட்டு வா என்று அனுப்பச் சம்மதித்திருக்கிறார்.

இப்போது கேள்வி இதுதான். பெங்களூரில் உடனே ஒரு டாக்ஸி பிடித்தால் ஏழு மணி நேரம், ஏழரை மணி நேரம். ஐந்து மணிக்கெல்லாம் காங்கேயம் வந்துவிடலாம். அல்லது மூன்றேகால் மணிக்குக் கிளம்பும் எங்கள் விமானம். பாவம், தங்கை ஒற்றை ஆளாக டாக்ஸியில் அவ்வளவு தூரம் வர வேண்டுமே என்று அவருக்கு யோசனை.

"பிளேன்ல எவ்வளவு நேரமுங்க ஆகும்?" என்று கேட்டார்.

"ஐம்பதே நிமிஷமுங்க. ஏறி உக்காந்து காப்பி குடிக்கறதுக்குள்ள கோயமுத்தூர் வந்துரும்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விரல்விட்டு எண்ணினார். நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு இறங்கினால் நாலேகாலுக்குக் கார், ஐந்தே முக்காலுக்கு மண்டபம். முக்கால் மணி நேரம் கையில் மிச்சம். டாக்ஸி யோசனையை விட்டார். இங்கே பணம் கட்டினால் பெங்களூர் கவுன்ட்டரில் டிக்கெட் எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு எங்களிடம் இருந்தது, அப்படிக் கட்டினார். சாயங்காலம் காரையும் டிரைவரையும் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, யாரும் தேடுவதற்குள் காங்கேயத்துக்கு ஓடினார். நல்ல காரியம் செய்த திருப்தியில் நான் இன்னொரு டீ குடித்தேன்.

நான் சொன்னதில் எது பொய் என்று கேட்டால் எதுவும் பொய்யில்லை. கால அட்டவணையில் ஐம்பது நிமிஷம் என்றுதான் அச்சடித்திருந்தது. வானத்து வழியில் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். நல்ல நாளில் ஐம்பது நிமிஷத்தில் வந்தும் இருக்கிறது. ஆனால் ஆனி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே நின்று தள்ளும்போது எங்கள் சின்ன விமானத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க அது பெங்களூரிலிருந்தே அரை மணி, முக்கால் மணி தாமதமாகக் கிளம்புகிறது என்பதும் தெரியும். பெட்டி வரக் கால் மணி, காங்கேயம் போகும் வழியில் சாயங்காலம் பல்லடத்தைத் தாண்டுவது பெரும் பாடு, எல்லாம் தெரியும். ஒவ்வொன்றிலும் இருந்த நல்ல நம்பரை மட்டும் பொறுக்கி எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வழி கேட்டவரிடம் பக்கந்தானுங்க என்று சொன்ன அதே வாய்.

மூன்றேகாலுக்குப் பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டது என்று தகவல் வர வேண்டும். வரவில்லை. மூன்றரை ஆயிற்று, மூன்றே முக்கால் ஆயிற்று. நாலு அடித்த பிறகுதான் டெலக்ஸ் மெஷினில் ஒரு வரி வந்தது. நாலு மணிக்குக் கிளம்பியிருக்கிறது, ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்கு இறங்கும். நான் பேனாவை எடுத்து ஒரு பழைய போர்டிங் கார்டின் பின்னால் எழுதிக் கூட்டினேன். ஐந்தேகாலுக்கு மேல் வெளியே வருவாள். என்ன வேகத்தில் போனாலும் காங்கேயம் ஏழு, ஏழேகால். இரண்டு முறை கூட்டியும் ஏழேகால்தான் வந்தது. காலையில் டாக்ஸியில் ஏறியிருந்தால் அந்நேரம் அவள் ஈரோட்டைத் தாண்டியிருப்பாள்.

கம்பெனியின் தனி லைனில் பெங்களூர் கவுன்ட்டருக்குப் பேசினேன். பூங்கொடி விமானத்தில் ஏறிவிட்டது உறுதி. மேனேஜரிடம் ஓடி விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, மண்டபத்துக்கெல்லாம் போன் பண்ணுவது நம் வேலையில்லை என்றார். தாமதம் என்று போர்டில் எழுதிப் போட்டாயிற்று, இத்தனை மணிக்குக் காங்கேயம் வருவாள் என்று கம்பெனி எப்படி வாக்குக் கொடுக்கும், வழியில் டயர் வெடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆபீஸ் போனில் வெளியூருக்குப் பேச முடியாதபடி டயலுக்குப் பூட்டுப் போட்டிருக்கும். சாவி அவர் சட்டைப் பையில். நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

வெளியே மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். காலையில் அண்ணன் கொடுத்த மண்டபத்து நம்பர் இருந்தது. டயல் செய்யும்போதுகூட என்ன சொல்வது என்று முடிவு செய்யவில்லை. உண்மையைச் சொன்னால் பெரியப்பா அதையே சாக்காக வைத்துத் தன் மகளை உட்காரவைத்துவிடலாம். "கிளம்பிட்டாங்க, வந்துருவாங்க" என்று சொன்னால் ஆறரை வரைக்குமாவது அந்த இடம் காலியாக இருக்கும். நாக்கின் நுனியில் அந்த "வந்துருவாங்க"தான் நின்றது.

மண்டபத்து ஆள் எடுத்தார். மாப்பிள்ளையைக் கூப்பிடுங்கள் என்றேன். அவரை எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்காரவைத்திருக்கிறார்கள், வர முடியாது என்று சொல்லிவிட்டு, யாரிடமோ கொடுத்தார். கனத்த குரல். நான் பையனுக்குப் பெரியப்பன், என்ன வேணும் என்று கேட்டது.

யார் பேசுகிறேன் என்பதைச் சொன்னேன். பிறகு ஒரே மூச்சில் மீதியையும் சொல்லிவிட்டேன். உங்கள் பெண் விமானத்தில் ஏறிவிட்டாள். விமானம் முக்கால் மணி தாமதம். ஐந்தேகாலுக்கு இங்கே வெளியே வருவாள், ஏழேகாலுக்கு மண்டபத்தில் இருப்பாள், அதற்கு முன்னால் முடியாது. காலையில் ஐம்பது நிமிஷம் என்று உங்கள் பையனிடம் சொன்னது நான்தான். தப்பு என்னுடையது, அவர் பேரிலோ அந்தப் பெண் பேரிலோ இல்லை.

பாத்திரச் சத்தத்தை நிறுத்தச் சொல்லி அவர் அந்தப் பக்கம் யாரையோ அதட்டினார்.

"ஏறிட்டாள்னு உங்களுக்கு நெசமாத் தெரியுமா அம்மணி?" என்றார்.

"தெரியுமுங்க. கேட்டு உறுதி பண்ணிப்போட்டுத்தான் பேசறேன்."

"செரி" என்றார். எங்கள் கவுன்ட்டர் நம்பரைக் கொடுத்தேன். எழுதிக்கொண்டாரா என்று தெரியாது, போனை வைத்துவிட்டார். அந்த ஒற்றை "செரி"யை வைத்து நான் என்ன புரிந்துகொள்வது? எங்கள் ஊரில் சம்மதத்துக்கும் செரிதான், போய்த் தொலை என்பதற்கும் செரிதான்.

ஐந்து ஐந்துக்கு விமானம் இறங்கியது. பதினெட்டுப் பேரில் பூங்கொடியைக் கண்டுபிடிக்க எனக்குச் சிரமம் இருக்கவில்லை. பட்டுப்புடவையை உடுத்தாமல் மடித்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் வயதுதான் இருக்கும். கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனேன். வெளியே கார் நிற்கிறது என்றேன். அவள் கேட்ட முதல் கேள்வி, காங்கேயம் எத்தனை மணிக்குப் போகலாம் என்பதுதான்.

ஏழேகால் என்றேன்.

நின்றவள் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, இதே விமானம் திரும்பப் பெங்களூருக்குப் போகுமா என்று கேட்டாள். ஐந்தே முக்காலுக்குப் போகும். இடம் இருக்கிறதா? இருக்கிறது. டிக்கெட் போட்டுக் கொடுங்கள் என்றாள்.

நான் மண்டபத்துக்குப் பேசி உண்மையான நேரத்தைச் சொல்லியிருக்கிறேன் என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் எழுந்துவிட்டாள்.

"பெரியப்பா கிட்டயா சொன்னீங்க? ஏனுங்க அப்படிப் பண்ணுனீங்க? அவருக்கு அது போதுமுங்களே. நான் போய் எறங்கறப்ப என்ற எடத்துல வேற பொண்ணு உக்காந்திருக்கும். எல்லாரும் என்னைத் திரும்பிப் பாப்பாங்க. எங்கண்ணன் மணையில உக்காந்துட்டு என்ன பண்ணுவானுங்க? அதுக்கு நான் வராமயே இருந்துக்கறேன்."

டிக்கெட் எழுதுவது என் வேலை. கேட்டவருக்கு மறுக்க எனக்கு உரிமை கிடையாது. அங்கேயும் எனக்கு அந்தச் சபலம் வந்தது, மறைக்க மாட்டேன். "அதெல்லாம் காத்திருப்பாங்க, போங்க" என்று சொல்லிக் காரில் ஏற்றிவிடலாம். போய் இறங்கிப் பார்த்துக்கொள்ளட்டும், நான் அங்கே இருக்கப் போவதில்லை. ஆனால் எனக்கே தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்ல, காலையில் பட்ட பிறகு, வாய் வரவில்லை.

"காத்திருப்பாங்களான்னு எனக்குத் தெரியாதுங்க. அவர் செரின்னு மட்டும் சொன்னாரு. நீங்களே கேட்டுப்போட்டு முடிவு பண்ணுங்க. திரும்பிப் போறதுன்னாலும் நானே டிக்கெட் எழுதித் தாரேன்" என்றேன்.

அதற்குள் திரும்பிப் போகும் விமானத்துக்குப் பயணிகளைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. கூப்பிட வேண்டியவள் நான். திரும்பிப் பார்க்கிறேன், மைக்கை ஒருநாளும் தொடாத மேனேஜர் தன் பாலக்காட்டுத் தமிழில் அறிவித்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்துப் போ என்று கையை மட்டும் அசைத்தார்.

பூத்தில் நம்பரை நான் அழுத்தினேன், ரிசீவரை அவள் கையில் கொடுத்தேன். யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டார்கள். அவள் "பெரியப்பா" என்றாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த ஒரு வார்த்தைதான். பிறகு அவர்தான் பேசினார், அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "செரீங்க" என்றாள். இன்னொரு முறை "செரீங்க". மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிசீவரை வைத்தவள் எழுந்திருக்க மறந்து ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கேட்கப் பயந்து நின்றேன். அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஏழரைக்கு மாத்தி வெச்சிருக்காங்களாமாங்க. வருவா வருவான்னு பையன் ஒரு மாசமாச் சொல்றான், அதை வெச்சு நான் சபையில என்னன்னு பேசறது கண்ணு, ஏழேகாலுக்கு வாரான்னு ஒருத்தர் மணி சொன்னாத்தான நான் நாலு பேர்த்தை உக்காருங்கன்னு சொல்ல முடியும், அப்படீங்கறாரு. டிரைவரை மெரட்டாம மெதுவா வா-ன்னு சொன்னாருங்க."

காரில் ஏறும்போது புடவை மடிப்பு கலைந்து தரையில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். கதவைச் சாத்தியதும் கார் அவிநாசி ரோட்டுக்குத் திரும்பியது. மணி ஐந்து முப்பத்தெட்டு. மனசுக்குள் உடனே கூட்ட ஆரம்பித்தேன். இந்தக் கூத்தில் இருபது நிமிஷம் போயிருக்கிறது. ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம்.

பிள்ளைகளே, அட்டவணையில் இருக்கிற நிமிஷம் விமானத்துக்குச் சொந்தம். கேட்கிற ஆள் தன் வீட்டு வாசலில் எப்போது கால் வைப்பேன் என்றுதான் கேட்கிறார். அதைச் சொல்லத் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள், கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. அவர் மனம் நோகக் கூடாது என்று குறைத்துச் சொல்வதைப் போன்ற கொடுமை கிடையாது. எவ்வளவு நேரமானாலும் மனுசர்கள் காத்திருப்பார்கள். எவ்வளவு என்று தெரியாமல் காத்திருக்கத்தான் யாராலும் முடியாது. தாமதம் என்றால் முதல் ஆளாக நீங்கள் போன் செய்யுங்கள், உங்கள் தப்பு இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் மேலதிகாரி முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும்.

ஆறு மணிக்கு என் வேலை முடிந்தது. வீட்டுக்குப் போகக் கால் எழவில்லை. மேனேஜர், பஸ் இல்லையா என்று கேட்டார், இருக்கிறது என்றேன். அவர் வேறொன்றும் கேட்காமல், இரண்டு டீ வாங்கி வரச் சொல்லி ஒன்றை என் பக்கம் தள்ளினார். ஏழு ஆயிற்று. ஏழேகால். பல்லடத்தில் லாரி ஏதாவது மறித்திருக்குமோ என்று நினைத்தேன். ஏழரைக்கு இருவரும் கடிகாரத்தைப் பார்த்தோம். ஏழு முப்பத்தைந்து. டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

ஏழு நாற்பத்திரண்டுக்குக் கவுன்ட்டர் போன் அடித்தது. எடுத்ததும் காது கிழியும் மேளச் சத்தம். அதற்கு மேலே கத்திக்கொண்டு அந்தக் கனத்த குரல்.

"அம்மணி, நீ அங்கயேதான் இருப்பேன்னு நெனச்சேன். ரண்டு பேரும் மணையில உக்காந்துட்டாங்க. நீ ஊட்டுக்குப் போ கண்ணு."